வழக்குத் தொடுநர் யார்? இலங்கையின் குற்றவழக்குத் தொடுப்பு முறையின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

இலங்கையின் நீதித்துறை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நீதிமன்றங்களின் தோற்றம், நீதியரசர்களின் தீர்ப்புகள், சட்டக்கோவைகளின் மூலங்கள் என்பவற்றையே தமது ஆய்வுப்பொருளாகக் கொண்டனர். ஒரு குற்றச்சாட்டு நீதிமன்றத்தின் வாயிலை அடையுமுன்னர் அதனைக் கையிலெடுப்பவர் யார், தொடர்வதா கைவிடுவதா என்று தீர்மானிப்பவர் யார், அவருக்குச் சம்பளம் வழங்குவதும் அவரிடம் கணக்குக் கேட்பதும் யார் என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. நீதிபதி தம்முன் கொண்டுவரப்பட்ட வழக்கையே தீர்க்க முடியும். எது கொண்டுவரப்படும், எது கோப்பிலேயே உறங்கும் என்பதை வழக்குத் தொடுநரே நிர்ணயிக்கின்றார். ஆதலின் இவ்வதிகாரத்தின் வரலாறு, அரசுக்கும் குடிமகனுக்குமிடையிலான உறவின் வரலாறாகவும் அமைகின்றது.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது ஒன்றே. குடியேற்ற ஆட்சி இலங்கையில் பெரிய மன்றுகளுக்கென ஒரு வழக்குத் தொடுநரை மிக முற்பட்ட காலத்திலேயே ஏற்படுத்தியது. ஆனால் சாதாரண மக்கள் சட்டத்தை நேரிற் சந்திக்கும் சிறிய மன்றுகளுக்கென அது எவரையும் ஏற்படுத்தவில்லை. அவ்விடத்தை முதலில் முறைப்பாட்டுக்காரரும் விதானைமாரும், பின்னர் பொலிஸாரும் நிரப்பினர். சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் யாவும் உச்சியிலிருந்த பதவியின் பெயரையும் நியமன முறையையுமே மாற்றின. அடித்தளம் ஏறக்குறைய இருந்தபடியே இருந்துவருகின்றது.

1. பிஸ்கால் முதல் சட்டமா அதிபர் வரை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் கொழும்பு, யாழ்ப்பாணம், காலி ஆகிய இடங்களில் நீதிச்சபைகள் இயங்கின. இச்சபைகளின் முன் குற்றவாளிகளை நிறுத்தும் பொறுப்பு பிஸ்கால் எனப்பட்ட அதிகாரியைச் சார்ந்தது. பிஸ்காலின் முதற்கடமை கம்பனியின் வருவாயையும் வணிக உரிமையையும் பாதுகாத்தலாகும். பொது ஒழுங்கு அதன் பின்னரே வந்தது. விதிக்கப்படும் தண்டப்பணத்தில் ஒரு பங்கு அவரது வருமானமாகவும் அமைந்தது. கம்பனியின் உத்தியோகத்தரிடையே ஊழல் மலிந்தபோது, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், உள்ளூர் ஆளுநருக்கன்றி நெதர்லாந்திலிருந்த பணிப்பாளருக்கே பொறுப்புக்கூறும் சுயாதீன பிஸ்கால்கள் ஆசிய நிலையங்களில் நியமிக்கப்பட்டனர். ஆள்வோரையே குற்றஞ்சாட்ட வேண்டியவர் ஆள்வோரின் கீழ் இருக்கலாகாது என்ற எண்ணம் எம் வரலாற்றிற் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும். ஆயினும் அந்தச் சுயாதீனம் மக்களின் பொருட்டு உருவானதன்று. பங்குதாரரின் பொருட்டு உருவானது என்பதையும் மறத்தலாகாது.

1796 இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1801 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தின் மூலம் உயர் நீதிமன்றத்தை நிறுவினர். அரசின் சார்பில் வழக்காடும் அதிகாரி ‘அட்வகேட் பிஸ்கால்’ என அழைக்கப்பட்டார். பழைய ஒல்லாந்தப் பெயர் இவ்வாறு இரண்டாகப் பிளவுண்டது. வழக்குத் தொடுக்கும் பணி அட்வகேட் பிஸ்காலிடம் சென்றது. மன்றின் கட்டளைகளை நிறைவேற்றும் பணியே பிஸ்கால் என்ற பெயரில் நிலைத்து, இன்றும் மக்கள் வழக்கில் வாழ்கின்றது. ஸ்கொத்லாந்தில் இதே சொல் வழக்குத் தொடுநரைக் குறிப்பதாகவே நிலைபெற்றமை ஒப்புநோக்கத்தக்கது. 1811 இல் ஜூரி முறையை இங்கு நடைமுறைக்குக் கொண்டுவந்த அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன், பிரதம நீதியரசராகுமுன் அட்வகேட் பிஸ்காலாகப் பணியாற்றியவரே.

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து 1833 இல் வழங்கப்பட்ட நீதிப் பட்டயம் நாடு முழுவதற்குமான ஒரே நீதிமன்ற அமைப்பை உருவாக்கியது. மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் சுற்றுக்களாகச் சென்று பாரிய குற்றங்களை ஜூரிகளுடன் விளங்கினர். அரசின் வழக்கறிஞர் மன்னரின் நியாயவாதி எனவும், விக்டோரியாவின் ஆட்சியில் இராணியின் நியாயவாதி எனவும் பெயர் பெற்றார். 1884 முதல் அப்பதவி சட்டமா அதிபர் பதவியாயிற்று.

இங்கு இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியன. முதலாவது, குற்றச்சாட்டை முன்கூட்டி ஆராய்ந்து அனுமதிக்கும் பெருஞ்ஜூரி முறை இங்கிலாந்தில் அன்று நிலவியபோதும் இலங்கைக்குக் கொண்டுவரப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஒருவர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா இல்லையா என்ற முடிவு ஒரே அரச அலுவலரின் கையில் விடப்பட்டது. இரண்டாவது, அவ்வலுவலர் வெறும் வழக்கறிஞர் அல்லர். 1833 இன் பின்னர் அமைந்த நிருவாக சபையிலும் சட்டநிரூபண சபையிலும் அவர் பதவிவழி உறுப்பினராக அமர்ந்தார். சட்டத்தை வரைபவரும், அதனை நிறைவேற்றும் ஆட்சிக்கு ஆலோசனை கூறுபவரும், அதனை மீறியோர்மீது வழக்குத் தொடுப்பவரும் ஒருவரேயாயினர்.

இங்கிலாந்தின் நிலை இதற்கு மாறானது. அங்கு வழக்குத் தொடுத்தல் பாதிக்கப்பட்டவரின் சொந்தப் பொறுப்பாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பொது வழக்குத் தொடுநர் பணிப்பாளர் பதவி 1879 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அங்கு உருவாகியது. தாய்நாட்டு ஆளும் வர்க்கம், அரசின் கையிற் குவிந்த வழக்குத் தொடுப்பதிகாரத்தைத் தன் சுதந்திரத்துக்கு ஆபத்தென அஞ்சியது. அதே அதிகாரத்தைக் குடியேற்ற நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே தயக்கமின்றி நிறுவியது. இம்முரண்பாடு தற்செயலானதன்று.

2. சிறிய மன்றுகள்: விதானையும் துரையும்

உயர் நீதிமன்றச் சுற்றுக்களில் விளங்கப்பட்டவை கொலை, கொள்ளை போன்ற பாரிய குற்றங்களே. திருட்டு, அடிதடி, அத்துமீறல், கள், சாராயம், வரி, வனம், ஒப்பந்தம் சார்ந்த எண்ணற்ற வழக்குகள் 1843 இல் அமைக்கப்பட்ட பொலிஸ் நீதிமன்றங்களுக்கே சென்றன. ‘பொலிஸ் கோடு’ என மக்கள் வழங்கிய இம்மன்றுகளுக்கு இராணியின் நியாயவாதியோ அவருடைய பிரதிநிதிகளோ வருவதில்லை. முறைப்பாட்டுக்காரர் தாமே வழக்கைக் கொண்டுசெல்லலாம். பணமிருப்பின் பிறக்கிராசி ஒருவரை அமர்த்தலாம். நாட்டுப்புறங்களில் சாட்சிகளைத் திரட்டியும் சந்தேகநபரைப் பிடித்தும் கொடுத்தோர் உடையாரும் விதானைமாருமாவர். இவர்கள் நிலவுடைமையிலும் சாதி ஆதிக்கத்திலும் வேரூன்றியவர்கள். தம்மோடு பகைத்த ஏழைக் குடியானவனை நீதிமன்றுக்கு இழுக்கவும், தம்மைச் சார்ந்தவனின் குற்றத்தை மறைக்கவும் அவர்களுக்கு வாய்ப்பிருந்தது.

இதனைப் புனைகதையாகப் பதிவு செய்தவர்களுள் லெனாட் வுல்ஃப் குறிப்பிடத்தக்கவர். 1904 இல் இலங்கைக்கு வந்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், நீதவானாகவும் வழக்குகளை விளங்கியவர். காட்டோரக் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்டு 1913 இல் அவர் வெளியிட்ட நாவலின் மையச் சம்பவம், கிராமத் தலைவன் சோடித்துக் கொண்டுவரும் களவு வழக்காகும். குற்றஞ்சாட்டப்பட்டோர் மன்றில் நடப்பது இன்னதென அறியாது நிற்கின்றனர். ஆசனத்திலிருந்த நீதவான் கெட்டவரல்லர். ஆயினும் அவர்முன் வைக்கப்பட்ட சான்றுகளைச் சலித்துப் பார்க்க அங்கு எவரும் இல்லை. சிறிய மன்றுகளில் வழக்குத் தொடுநரின் இடம் வெற்றிடமாக இருந்ததன் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

பெருந்தோட்டங்களில் இவ்வெற்றிடம் வேறொரு வடிவம் பெற்றது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளி தோட்டத்தை விட்டோடினால், துரையே முறைப்பாட்டுக்காரர். வழக்கை நடத்துவோரும் அவருடைய ஆட்களே. தோட்டத்துரைமாருட் சிலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான்களாகவும் நியமனம் பெற்றிருந்தனர். தனியார் உடன்படிக்கையின் மீறல் இவ்வாறு அரசின் சிறைக்கூடத்தில் முடிந்தது. துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டபோது, இந்தத் தண்டனை விதிகளும் அக்காலச் சீர்திருத்தங்களோடு நீங்கின. ‘எவரும் வழக்குத் தொடுக்கலாம்’ என்னும் விதி ஏட்டளவிற் சமத்துவமானது. நடைமுறையில் வழக்குத் தொடுக்கும் வசதி படைத்தவனுக்கே அது பயன்பட்டது.

1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும், அதனையடுத்து கம்பெல் என்பவரின் தலைமையில் ஒழுங்கமைக்கப்பட்ட பொலிஸ் படையும் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. பொலிஸ் நிலையங்கள் பரவிய இடங்களில் வழக்கைக் கொண்டுவரும் பொறுப்பு விதானையிடமிருந்து பொலிஸாரிடம் சென்றது. ஊரில் குற்றத்தை விசாரித்த நிலையத்தைச் சேர்ந்த அலுவலரே மன்றில் எழுந்து சாட்சிகளை நெறிப்படுத்தலாயினர். விதானை முறை 1963 இல் முடிவுற்று கிராம சேவகர் முறை வந்தபோதும், சிறிய மன்றில் சட்டம் பயின்ற வழக்குத் தொடுநர் ஒருவரை நிறுத்தவேண்டுமென்ற எண்ணம் செயலுருப் பெறவில்லை.

3. கொழும்பும் வெளிமாவட்டங்களும்

இனி ஆளணியை நோக்குவோம். சட்டமா அதிபரின் அலுவலகம் கொழும்பு அல்ப்ஸ்டோப் மேட்டை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1656 இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃபுற்றின் பெயரால் வழங்கும் அவ்விடமே நாட்டின் சட்டத் தலைநகராயிற்று. சட்டமா அதிபருக்கு அடுத்தபடியாக மன்றாடியார் நாயகமும், அவருக்குக் கீழ் முடிக்குரிய வழக்கறிஞர்களும் இருந்தனர். இவர்கள் அப்புக்காத்துமார் வகுப்பைச் சேர்ந்தோர். ஆங்கிலக் கல்வி பெற்ற நகர்சார் மேட்டுக்குடியினர். வெளிமாவட்டங்களில் நிரந்தர அலுவலகம் அமைப்பதற்குப் பதிலாக, உள்ளூரிற் தொழில் நடத்தும் பிறக்கிராசிமாருள் ஒருவர் முடிக்குரிய பிறக்கிராசியாக நியமிக்கப்பட்டார். அவருக்குச் சொந்தக் கட்சிக்காரரும் உண்டு. அரசின் வேலை அவருடைய தொழிலின் ஒரு பகுதி மாத்திரமே. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ உயர் நீதிமன்றச் சுற்று வரும்போது கொழும்பிலிருந்து ஒரு வழக்கறிஞர் வருவார். சுற்று முடிந்ததும் திரும்புவார். சம்பவம் நடந்த ஊரையோ சாட்சிகளையோ அவர் முன்னர் அறிந்திருத்தல் அரிது. பொலிஸார் எழுதிய கோப்பே அவருடைய உலகம்.

இந்தியாவுடன் இதனை ஒப்பிடுதல் பயன் தரும். எமது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றவியல் நடவடிக்கைக் கோவைகளும் இந்தியக் கோவைகளை அடியொற்றி அமைந்தவையே. ஆயினும் இந்தியாவில் மாவட்டந்தோறும் பொது வழக்குரைஞர் என்னும் பதவி வளர்ச்சி பெற்றது. 1973 ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 25 ஆம் பிரிவு, நீதவான் மன்றுகளில் உதவிப் பொது வழக்குரைஞரை நியமித்தலைக் கட்டாயமாக்கியதோடு, பொலிஸ் அலுவலர் அப்பதவிக்குத் தகுதியற்றவரென்றும் விதித்தது. அங்கும் நியமனங்களில் கட்சி அரசியல் புகுந்தமை பலரும் அறிந்தது. ஆனால் புலனாய்வாளரும் வழக்குத் தொடுநரும் வெவ்வேறானவர் என்ற கோட்பாடு சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. இங்கிலாந்தும் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொலிஸாரிடமிருந்து இப்பணியைப் பிரித்து, 1986 இல் தனியான வழக்குத் தொடுப்புச் சேவையை நிறுவியது. ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நாடுகளுள் இலங்கை மாத்திரமே பின்தங்கியது.

சட்டமா அதிபர் அலுவலகத்தின் மற்றொரு பண்பு, அது நீதியாசனத்துக்கான ஏணியாக அமைந்தமையாகும். 1915 இல் சட்டமா அதிபராக இருந்த அன்ரன் பேட்ரம் 1918 இல் பிரதம நீதியரசரானார். பின்னாளில் அலன் றோஸ், பஸ்நாயக்கா, தென்னக்கோன், சரத் என். சில்வா, ஜயந்த ஜயசூரிய ஆகியோரும் அவ்வழியே வந்தவர்கள். தனிமனிதரின் திறமையையோ நேர்மையையோ ஐயுறுதல் எமது நோக்கமன்று. அரசின் வழக்கறிஞராக நெடுங்காலம் பழகிய பார்வை நீதியாசனத்துக்கும் உடன்செல்வது இயல்பு என்பதையே இங்கு சுட்டுகின்றோம். சிவா பசுபதி, கமலசபேசன் போன்ற தமிழர் இப்பதவியின் உச்சியை அடைந்ததும் உண்மை. தலைமையில் ஒருவரின் இனம் மாறுவதால் அமைப்பின் இயல்பு மாறிவிடாது என்பதற்கும் அவர்களது காலங்களே சான்றாகும்.

4. அதிகாரம் யார் கையில்?

நெருக்கடிக் காலங்களிலேயே ஒரு நிறுவனத்தின் உண்மையியல்பு வெளிப்படும். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டு, சாதாரண நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருந்தபோதே பொதுமக்கள் இராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டனர். இளைஞரான ஹென்றி பேதிரிஸ் யூலை மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். இதனைச் சட்டசபையில் கடுமையாகக் கண்டித்த சேர் பொன். இராமநாதன், தாமே முன்னர் பல்லாண்டுகள் மன்றாடியார் நாயகமாக அரசின் வழக்குகளை நடத்தியவர். அரச வழக்கறிஞரின் கடமை தண்டனை பெற்றுக்கொடுத்தல் அன்று, சட்டத்தின் எல்லையை ஆட்சிக்கு எடுத்துரைத்தலே என்பதை அவரது நிலைப்பாடு உணர்த்திற்று. பதவியிலிருந்தோர் அவ்வாறு செய்யவில்லை.

1931 இன் டொனமூர் அரசியலமைப்பு இவ்வதிகாரத்தை மக்கள் பிரதிநிதிகளிடம் கையளிக்க மறுத்து, சட்டச் செயலாளர் என்னும் ஆங்கில அலுவலரிடம் விட்டது. 1947 இன் சோல்பரி அரசியலமைப்பு நீதியமைச்சர் செனற் சபையைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டுமென விதித்து, தேர்தல் அரசியலிலிருந்து ஓரளவு தூரத்தைப் பேண முயன்றது. 1971 இல் செனற் சபை ஒழிக்கப்பட்டபோது அத்தடுப்பும் அற்றது.

1962 சனவரியில் முறியடிக்கப்பட்ட சதிமுயற்சியின் வழக்கு இவ்வகையில் ஒரு பாடமாகும். அதற்கெனவே பின்னோக்கிய விளைவுடன் இயற்றப்பட்ட 1962 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், ஜூரியின்றி மூன்று நீதியரசர்கள் விளங்கவும், அவர்களை நீதியமைச்சர் பெயர்குறிக்கவும் இடமளித்தது. அவ்வாறு அமைந்த முதலாவது நீதியாசனமே அந்நியமனம் செல்லாதெனத் தீர்த்துத் தன்னைக் கலைத்துக்கொண்டது. இரண்டாவது நீதியாசனமும் கலைந்தது. அதிலிருந்த ஒருவர் முன்னர் சட்டமா அதிபராகச் செயற்பட்டபோது இவ்விசாரணைக்கு உதவியிருந்தார். மூன்றாவது நீதியாசனம் 1965 இல் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அதே ஆண்டு திசெம்பரில் கோமறைக் கழகம் அச்சட்டமே அதிகார வரம்பை மீறியதென முடிவு செய்து அவர்களை விடுவித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோரின் அரசியல் எமக்கு உடன்பாடானதன்று. ஆனால் ஆட்சி, வழக்குத் தொடுநர், நீதிபதி ஆகிய மூவருக்குமிடையிலான எல்லை எவ்வளவு மெல்லியதென்பதை இவ்வழக்கு உலகறியச் செய்தது.

1971 கிளர்ச்சியின் பின்னர் 1972 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. கிராமப்புற இளைஞர் வழமையான சாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பின்றி, மேன்முறையீட்டு உரிமையுமின்றி விளங்கப்பட்டனர். அச்சட்டம் 1977 இல் நீக்கப்பட்டது.

1974 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம், குடியேற்றக் காலக் கோவைகளை ஒருங்கே அகற்றியது. அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பேதம் மறைந்தது. மாவட்டங்களில் மேல் நீதிமன்றங்கள் தோன்றின. சுருக்கமுறையல்லாத முன்விசாரணை கைவிடப்பட்டது. பொது வழக்குத் தொடுநர் பணிப்பாளர் என்னும் தனிப் பதவியும் உருவாகியது. ஆட்சிக்கு ஆலோசனை கூறும் பணியும் குற்றஞ்சாட்டும் பணியும் இரு பதவிகளிடையே பகிரப்படத் தொடங்கிய ஒரே காலம் இதுவாகும். எனினும் இம்முயற்சி வேரூன்றுமுன் ஆட்சி மாறியது. 1978 இன் நீதித்துறைச் சட்டமும் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும் பழைய ஒழுங்கை மீட்டன. பணிப்பாளர் பதவி மறைந்தது. அதிகாரம் சட்டமா அதிபரிடம் மீண்டது. அப்பதவியை ஏற்படுத்தியோரும் நீக்கியோரும் நீதவான் மன்றின் நிலைமையைத் தொடவில்லை என்பதே எமது வாதத்துக்கு முக்கியமானது.

5. செயற்றிறனை அளக்கும் கோல்

ஒரு வழக்குத் தொடுப்பு அலுவலகம் செவ்வனே இயங்குகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? குற்றத்தீர்ப்புகளின் விகிதத்தைக் காட்டுதல் வழமை. எமது கருத்தில் அது தவறான கோலாகும். ஆதாரமற்ற வழக்கைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதும் இவ்வலுவலகத்தின் கடமையே. நிறுத்தப்பட்ட வழக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் பெருமையாக இடம்பெறாது. மறுபுறம், பாதுகாப்பற்ற வாக்குமூலத்தின்மேற் பெறப்பட்ட தீர்ப்பு, கணக்கில் வெற்றியாகவே தோன்றும்.

ஆதலின் மூன்று கோல்களை நாம் முன்வைக்கின்றோம். முதலாவது, சலித்தெடுக்கும் ஆற்றல். நீதவான் மன்றில் முறைப்பாட்டைப் பதிவு செய்து, புலனாய்வு செய்து, குற்றச்சாட்டை வரைந்து, வழக்கை நடத்தும் பணிகள் யாவும் பொலிஸ் திணைக்களத்துள்ளேயே நிகழ்கின்றன. 1979 ஆம் ஆண்டுக் கோவையின் 136 ஆம் பிரிவு பொலிஸாரின் எழுத்துமூல அறிக்கையாலேயே வழக்குத் தொடங்க இடமளிக்கின்றது. 191 ஆம் பிரிவு பொலிஸ் அலுவலரே அதனை நடத்தவும் இடமளிக்கின்றது. சட்டமா அதிபர் ஆலோசனை கூறலாம், தலையிடலாம். ஆனால் நாடெங்குமுள்ள அம்மன்றுகளின் அன்றாட வழக்குகளை ஒரு மத்திய அலுவலகம் கண்காணித்தல் இயலாது. தன் புலனாய்வின் குறையைத் தானே கண்டு வழக்கைக் கைவிடும் அலுவலரை எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு முரணானது.

இரண்டாவது கோல் காலம். பாரிய குற்றங்களில் நீதவானின் முன்விசாரணை முடிந்த பின், ஏடுகள் கொழும்புக்குச் சென்று, சட்டமா அதிபரின் ஆய்வுக்குட்பட்டு, குற்றப்பத்திரமாக மேல் நீதிமன்றுக்குத் திரும்புதல் வேண்டுமென்ற ஒழுங்கு, தாமதத்தைத் தன்னகத்தே கொண்டது. பிணை பெறாத வறியவர் அக்காலம் முழுவதும் விளக்கமறியலில் இருப்பார். சாட்சிகள் ஊர்விட்டு ஊர் செல்வர், நினைவு மங்கும், அச்சுறுத்தலுக்கு அவகாசம் கிடைக்கும். ஆளணியைக் கூட்டினாற் போதும் என்பது அரைவிடையே. முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்திற் குவிந்திருக்கும்வரை, அங்கு சேர்க்கப்படும் அலுவலர் அனைவரும் அதே வாயிலின் முன் வரிசையில் நிற்பவராவர்.

மூன்றாவது கோல் மொழி. 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும், நீதிமன்றங்களின் மொழி சிங்களமென்ற 1972 அரசியலமைப்பின் ஏற்பாடும் தமிழ்பேசும் மக்களைத் தம் சொந்த வழக்கிலேயே அந்நியராக்கின. 1973 ஆம் ஆண்டின் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வடக்கு, கிழக்கில் தமிழுக்கு இடமளித்தது. 1988 இன் 16 ஆவது திருத்தம் தமிழையும் நீதிமன்ற மொழியாக விரிவுபடுத்தியது. ஆனால் நீதிமன்றத்தின் மொழி வேறு, பொலிஸ் நிலையத்திற் பேனா பிடிப்பவரின் மொழி வேறு. முறைப்பாடு எழுதப்படும் கணத்திலேயே வழக்கின் பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

இம்மூன்று கோல்களும் ஒருங்கே முறிந்த இடம், 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டமாகும். தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட தரத்தினருக்குக் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கச் செய்தது. அது நிர்ப்பந்தத்தின் பேரிற் பெறப்பட்டதென நிறுவும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே சுமத்தப்பட்டது. இத்தகைய வாக்குமூலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு 1995 இல் தமிழ் இளைஞர் ஒருவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. தமிழ் மட்டுமே அறிந்த அவரது வாக்குமூலம் சிங்களத்திற் பதிவாகியது. மொழிபெயர்த்தவரும் பொலிஸ் அலுவலரே. அதன்கீழ் இருந்தது அவரது பெருவிரல் அடையாளம். 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு நியாயமான விளக்கத்துக்கான உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. 2006 இல் உயர் நீதிமன்றம் அம்முடிவுக்கு உள்நாட்டில் வலுவளிக்க மறுத்தது. இவ்வழக்கில் நீதிபதியைப் பற்றி மட்டுமே பேசுவது போதாது. அந்த வாக்குமூலத்தைக் கையிற் பெற்ற வழக்குத் தொடுநர், இதன்மேல் ஒருவரின் வாழ்நாளைப் பணயம் வைக்கலாமா என்று தம்மைக் கேட்டிருக்க வேண்டிய இடமும் உண்டு. அவ்விடத்திற் கேள்வி எழவில்லை.

இதனோடு தொடர்புடைய மற்றொரு முரண்பாடும் உண்டு. சித்திரவதையை 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் மேல் நீதிமன்றில் விளங்கப்படும் குற்றமாக்கியது. அக்குற்றத்துக்குச் சந்தேகநபராக வரக்கூடியவர் பெரும்பாலும் பொலிஸ் அலுவலர். அவர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யவேண்டியவர் சட்டமா அதிபர்; தம் அன்றாட வழக்குகளின் சான்றுகளுக்குப் பொலிஸாரையே நம்பியிருப்பவரும் அவரே; அரசமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுக்களில் அரசின் சார்பில் தோன்றுபவரும் அவரே. இம்மூன்று பணிகளையும் ஒருங்கே செவ்வனே ஆற்றுமாறு ஓர் அலுவலகத்தைக் கேட்பது அநீதியானது.

6. முடிவுரை

2001 இன் 17 ஆவது திருத்தம் சட்டமா அதிபரின் நியமனத்தை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துக்கு உட்படுத்தியது. 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அவரைப் பதவிநீக்கப் பாராளுமன்ற நடைமுறையை வகுத்தது. 2010 இலும் 2020 இலும் பேரவை ஒழிக்கப்பட்டதும், 2015 இலும் 2022 இலும் அது மீண்டதும் நாம் கண்டவை. அண்மைக் காலத்தில் சுயாதீன வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒன்று வேண்டுமென்ற கோரிக்கையும் மீண்டும் வலுப்பெற்றுள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இக்கோரிக்கையும் உச்சியிலுள்ள ஒருவரின் நியமனத்தோடு நின்றுவிடுமாயின், 1833 இலிருந்து தொடரும் பிழை மேலுமொரு முறை புதுப்பிக்கப்படும்.

தேவைப்படுவது மாவட்டந்தோறும், நீதவான் மன்றுவரை வேர்விட்ட ஒரு வழக்குத் தொடுப்புச் சேவையாகும். அச்சேவையினர் பொலிஸாரின் கீழ் இருத்தலாகாது. அவ்வூர் மக்களின் மொழியில் முறைப்பாட்டை வாசிக்கவும் சாட்சியுடன் நேரிற் பேசவும் வல்லோராதல் வேண்டும். ஒரு வழக்கைத் தொடர்ந்தமைக்கும் கைவிட்டமைக்கும் எழுத்திற் காரணங்கூறல் வேண்டும். அதற்கான பணமும் ஆளணியும் எளிதிற் கிட்டா என்பதை நாம் அறிவோம். ஆயினும் இப்பொழுதைய ஒழுங்கு இலவசமானதன்று. அதன் செலவை விளக்கமறியலில் நாள் எண்ணுவோரும், தன் வாக்குமூலத்தைத் தான் வாசிக்க முடியாதோரும், நீதவான் மன்றின் வாயிலில் யாரிடம் பேசுவதென்று அறியாது நிற்கும் முறைப்பாட்டுக்காரரும் நெடுங்காலமாகச் செலுத்தி வருகின்றனர்.